பார்க்ல ஆடிப்பெருக்கு வைக்க நகராட்சி அனுமதி கேக்குது, ஸ்டேஷன்ல ஒண்ணு சொல்றாங்க ஆபீஸ்ல ஒண்ணு சொல்றாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

குடமுருட்டி:

வணக்கம். டெல்டாவுல ஒரு நகராட்சி, ஊர் பேரு வேண்டாம், நாளைக்கும் அதே ஆபீஸ்லதான் போயி நிக்கணும். எங்க தெரு முடியுற இடத்துல ஆத்தங்கரையை ஒட்டுனாப்ல ஒரு நகராட்சி பார்க் இருக்கு. பதினோரு வருஷமா ஆடி 18 சாயந்திரம் நாலு தெருக்காரங்களும் அங்கதான் கூடுவோம். அதுக்கு முன்னாடியெல்லாம் படித்துறைலதான் நடக்கும். ஒரு வருஷம் தண்ணி வரத்து அதிகம், படியும் ரெண்டு இடிஞ்சு கிடந்துச்சு, காப்பரிசி வாங்க ஓடியாந்த சின்னப் பொண்ணு ஒண்ணு வழுக்கி உள்ள போயிடுச்சு, பக்கத்து வீட்டு அண்ணன் ஜடையைப் புடிச்சு இழுத்துப் போட்டாரு. அன்னியோட பெரியவங்க சொல்லிட்டாங்க, நாலு பேரு மட்டும் இறங்கி காவேரியம்மனுக்கு விளக்கு விட்டுட்டு வாங்க, மத்ததெல்லாம் மேல பார்க்லயே வச்சுக்கலாம்னு. அப்படி வந்ததுதான் இந்த விழா.

பெருசா ஒண்ணுமில்லங்க. காதோலை கருகமணி வச்சு பூஜை, மஞ்சக்கயிறு கட்டிக்கிறது, பசங்க சப்பரம் இழுத்துட்டு வருவாங்க, கும்மி கோலாட்டம், அப்புறம் வீட்டுக்கு வீடு கொண்டாந்த புளியோதரை தேங்கா சாதம் தயிர் சாதத்தை இலைல வச்சு எல்லாருமா உக்காந்து சாப்புடுறது. போன வருஷம் முந்நூறு பேரு வந்திருப்பாங்க. இதுவரைக்கும் எல்லாம் வாய்வார்த்தைதான், வாட்ச்மேன்கிட்ட சொல்லுவோம், சானிட்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவோம், முடிஞ்சுது.

இந்த வருஷம் போனா எழுத்துல அனுமதி வேணும்ங்கிறாங்க. பார்க் வாடகை, 10,000 ரூபா டெபாசிட், போலீஸ் அனுமதி, தீயணைப்பு தடையின்மைச் சான்று, ஈபி தற்காலிக இணைப்பு எல்லாம் வேணுமாம். சரி வாங்கிடலாம்னு ஸ்டேஷனுக்குப் போனா முதல்ல நகராட்சி லெட்டர் கொண்டாங்கன்னாங்க, நகராட்சில கேட்டா முதல்ல போலீஸ் லெட்டர்ங்கிறாங்க. மூணு நாளா இதே நடைதான், நான் ஒரு ஸ்கூல் டீச்சர், பர்மிஷன் போட்டுட்டு போயிட்டு வந்துட்டு இருக்கேன். கவுன்சிலர் மூலமா பேசுங்க, சுலபமா முடியும்னு ஆபீஸ்லயே ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அப்படி வாங்க மனசில்ல, நேரா வாங்கணும். போதாக்குறைக்கு பார்க்குக்கு எதுத்த வரிசைல ஒரு வீட்டுக்காரர் சத்தம் தாங்கலன்னு மனு குடுத்திருக்காராம்.

இன்னும் 24 நாள் இருக்கு. யாராச்சும் முறையா அனுமதி வாங்கி நடத்துனவங்க இருந்தா வழி சொல்லுங்க.

அரசலாறு:

அம்மா, நான் நகராட்சில 31 வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், கடைசி ஒன்பது வருஷம் வருவாய்ப் பிரிவு. உங்களை ரெண்டு பக்கமும் அலைக்கழிக்கிறாங்கல்ல, இது நான் சர்வீஸ்ல இருந்தப்பவும் நடந்ததுதான், அதைச் சொல்ல எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. வழி இருக்கு, கேளுங்க.

ஒரே மனுவா எழுதுங்க. பெறுநர் நகராட்சி ஆணையர். நகல்னு போட்டு காவல் ஆய்வாளர், தீயணைப்பு நிலைய அலுவலர் ரெண்டு பேரையும் அதுலயே எழுதிடுங்க. மூணு எடத்துலயும் ஒரே நாள்ல குடுங்க. ஆபீஸ்ல யார் கைலயும் குடுத்துட்டு வந்துடாதீங்க, தபால் பிரிவுல குடுத்து உங்க காப்பில தேதியோட சீல் வாங்குங்க, சீல் மங்கலா விழுந்தா இன்னொரு தடவை குத்தச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. அந்த சீல் வச்ச காப்பியைத்தான் ஸ்டேஷன்ல காட்டணும். அவங்களுக்கு வேண்டியது எடத்துக்கு சொந்தக்காரங்ககிட்ட கேட்டிருக்கீங்களான்னு ஒரு அத்தாட்சி, ஆர்டர்தான் வேணும்னு இல்ல. அதே மாதிரி மனுலயே "காவல்துறை அனுமதி பெறும் நிபந்தனைக்கு உட்பட்டு அனுமதி வழங்க வேண்டுகிறோம்"னு ஒரு வரி சேருங்க. அந்த ஒரு வரி இருந்தா ஆணையர் போலீஸ் லெட்டருக்குக் காத்திருக்காம கையெழுத்துப் போடலாம். இந்த சுத்து அங்கதான் அறும்.

மனுல என்ன இருக்கணும்னா, தேதி, ஆரம்பிக்கிற நேரம், முடிக்கிற நேரம், எத்தனை பேரு வருவாங்க, பந்தல் எங்க எவ்ளோ நீளம், சமையல் உள்ள உண்டா இல்லையா, குப்பையை யாரு எப்ப அள்ளுவாங்க, பொறுப்பு யாருன்னு மூணு பேரு கையெழுத்து. ஒரு வெள்ளைத் தாள்ல பார்க்கை வரைஞ்சு ரெண்டு கேட்டையும் குறிச்சு வையுங்க. முக்கியமா ஒண்ணு, கலை நிகழ்ச்சின்னு பொதுவா எழுதாதீங்க, ஆடல் பாடல்னு நினைச்சுப்பாங்க, அதுக்கு ஸ்டேஷன்ல கெடுபிடி வேற. கும்மி, கோலாட்டம், சிறுவர் சப்பரம்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க.

ஆத்தங்கரைன்னு சொல்றீங்க, அதனால பார்க் எடம் முழுக்க நகராட்சிதானா, கரைப் பகுதி நீர்வளத்துறையான்னு நில அளவைப் பிரிவுல கேட்டுக்குங்க. சப்பரம் கரை மேல வருதுன்னா அவங்களுக்கும் ஒரு நகல் போட்டுடுங்க. அந்தப் பகுதி லஸ்கரை, அதான் ஆத்துத் தண்ணியையும் கரையையும் பாத்துக்குற நீர்வளத்துறை ஆளை, புடிச்சு வச்சுக்குங்க, கல்லணைலேர்ந்து அன்னிக்கு எவ்ளோ தண்ணி விடுறாங்கன்னு அவருக்குத் தெரியும். மேட்டூர்ல திறந்து கல்லணை வந்து பிரிஞ்ச தண்ணி, ஆடி 18-க்கு கரை தொட்டு வர வருஷமும் உண்டு, படில யாரையும் இறக்கவே கூடாத வருஷமும் உண்டு.

தீயணைப்பு எதுக்குன்னு நினைக்காதீங்கம்மா. 1997 ஜூன் 7, தஞ்சாவூர் பெரிய கோயில் கும்பாபிஷேகம், யாகசாலைக் கீத்துப் பந்தல்ல தீப்புடிச்சு 48 பேர் போயிட்டாங்க. நான் அப்ப சர்வீஸ்ல இருந்தேன். அதுலேர்ந்து கீத்துப் பந்தல்னு யாராவது மனுல எழுதியிருந்தா எனக்கு கை ஓடாது. தகர சீட் போடுங்க, இல்லன்னா பந்தலே வேண்டாம், சாயந்திரம்தானே. வெளிய போற வழி ரெண்டும் திறந்திருக்கணும், வாட்ச்மேன் ஒரு கேட்டைப் பூட்டி வச்சிருப்பாரு, சாவி அன்னிக்கு உங்க கைல இருக்கணும். போன வருஷம் செப்டம்பர்ல, 2025 செப்டம்பர் 27, கரூர்ல கூட்ட நெரிசல்ல 41 பேர் செத்தாங்களே, அதுக்கப்புறம் எந்த ஆபீசரும் வாய்வார்த்தைல சரிங்க மாட்டாரு. அவங்க பயத்தையும் நாம புரிஞ்சுக்கணும்.

வெண்ணாறு:

அக்கா வழி எல்லாம் அண்ணன் சொல்லிட்டாரு, ஆனா எனக்கு ஒண்ணு புரியல. பார்க் நம்ம வரில கட்டுனது, வருஷம் முழுக்க புல்லு வெட்டாம முள்ளு மண்டிக் கிடக்கும், அதை ஆடி மாசம் நாமளே சுத்தம் பண்ணி ஒரு நாள் உக்காந்து சாப்புட்டா வாடகையா? கோயில் திருவிழாவுக்கு ரோட்டையே அடைச்சு பந்தல் போடுறாங்க. ஊர் ஜனம் கூடுற ஒரு நாளுக்கு கட்டணம் வாங்குறது தப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

அரசலாறு:

தம்பி, உன் கோவம் நியாயம்தான், இருந்தாலும் நான் பாத்ததைச் சொல்றேன். எங்க நகராட்சில ஒரு பார்க்கை பத்து நாளைக்குன்னு பொருட்காட்சிக்கு விட்டாங்க, பத்து நாள் நாப்பது நாளாச்சு, ராட்டினம் நட்ட குழியெல்லாம் மூடாமயே போயிட்டான், மழை பேஞ்சு குழில தண்ணி நின்னு கொசு, ரெண்டு வருஷம் எந்தப் புள்ளையும் அங்க விளையாடல. அவன்கிட்டேர்ந்து ஒரு ரூபா டெபாசிட் வாங்கி வைக்கல. பூங்காவையும் விளையாட்டு மைதானத்தையும் வேற உபயோகத்துக்கு மாத்திடாம காப்பாத்தணும்னே 1959-ல ஒரு சட்டம் போட்டாங்க நம்ம மாநிலத்துல. அனுமதி, டெபாசிட், நிபந்தனைங்கிறது உங்களை மடக்க வந்ததுன்னு பாக்காத, அவனை மடக்கவும் அதே தாள்தான் இருக்கு. நமக்கு மட்டும் வேண்டாம்னு சொன்னா நாளைக்கு அவனுக்கும் வேண்டாம்னு ஆயிடும்.

வாடகையைக் கேக்க உரிமை இருக்கு. எந்த மன்றத் தீர்மானத்துல இந்தத் தொகை வச்சாங்க, தீர்மான எண் என்னன்னு எழுத்துல கேளு. தீர்மானம் இருந்தா கட்டிட்டு ரசீது வாங்கிடணும், இல்லன்னா கட்ட வேண்டியதில்ல. இலவச விழாவுக்கு வாடகைல விலக்கு கேட்டு தனியா ஒரு மனு குடுக்கலாம், அது மன்றத்துல வச்சுத்தான் முடிவாகும், இந்த ஆடிக்கு வராது.

வெட்டாறு:

வணக்கம் டீச்சர், நான் ரேடியோ செட் தொழில், அப்பா காலத்துலேர்ந்து. சத்தத்தைப் பத்தியும் கரண்டைப் பத்தியும் நான் சொல்றேன்.

ஒலிபெருக்கி வைக்கணும்னா எழுத்துல அனுமதி வேணும், அது 2000-ல வந்த ஒலி மாசு விதிலயே இருக்கு, டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத ஆபீசர்தான் குடுக்கணும், நீங்க ஸ்டேஷன்ல குடுத்தா அங்கேர்ந்து போகும், அதுக்கு நாலஞ்சு நாள் புடிக்கும், அதனால நாளைக்கே குடுத்துடுங்க. ராத்திரி 10 மணிலேர்ந்து காலைல 6 மணி வரைக்கும் ஸ்பீக்கர் கூடாது. கூம்புக் குழாய் கூடவே கூடாது, பாக்ஸ்தான். ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்லேர்ந்து 100 மீட்டர்க்குள்ள இருந்தா அமைதிப் பகுதின்னு சொல்லிடுவாங்க, பார்க் பக்கத்துல நர்சிங் ஹோம் ஏதாச்சும் இருக்கான்னு பாத்துக்குங்க. பொது எடத்தோட எல்லைல சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது, அந்தப் பகுதிக்குன்னு விதில வச்சிருக்குற சத்த அளவை விட 10 கூடுதல் வரைக்கும்தான், இந்த ரெண்டுல எது கம்மியோ அது. குடியிருப்புப் பகுதில இருக்குற பார்க்குன்னா அந்த அளவு 75-ஐ விட நல்லாவே கம்மியா வரும். முந்நூறு பேருக்கு ரெண்டு சின்ன பாக்ஸ் தாராளம். ஆத்தைப் பாத்து வையுங்க, வீட்டுப் பக்கம் முதுகு காட்டட்டும். சப் ஊஃபர் வேண்டவே வேண்டாம், எதுத்த வீட்டு ஜன்னல் கம்பி அதிர்றது அதாலதான்.

கரண்டுதான் எனக்குப் பெரிய பயம். தெரு விளக்குக் கம்பத்துல கொக்கி போட்டு எடுக்குறது இன்னும் நடக்குது, தயவுசெஞ்சு யாரு சொன்னாலும் விடாதீங்க. ஈபில தற்காலிக இணைப்பு கேட்டு விண்ணப்பம் போடுங்க, இல்லன்னா ஒரு சின்ன ஜெனரேட்டர் எடுத்துக்குங்க. எதுவா இருந்தாலும் ஈஎல்சிபி ஒண்ணு கட்டாயம் மாட்டச் சொல்லுங்க, ஷாக் அடிச்சா அதுதான் கண் இமைக்கிறதுக்குள்ள கட் பண்ணும். ஒரு விழால பாத்தேன், சீரியல் செட் ஒயர் ரெண்டை முறுக்கி மேல வெறும் பிளாஸ்டிக் கவரைச் சுத்தி புல்லுல போட்டிருந்தாங்க, புல்லு நனைஞ்சிருந்துச்சு, பக்கத்துல ஒரு குழந்தை வெறுங்கால்ல நின்னு ஐஸ் சாப்பிட்டுட்டு இருந்துச்சு. நான் ஓடிப் போயி மெயினைத்தான் முதல்ல ஆஃப் பண்ணேன். ஒயர் எல்லாம் தலைக்கு மேல மரக்கம்புல போகணும், ஜாயிண்ட் தரைல இருக்கவே கூடாது.

சப்பரம் இழுக்குற வழில மேல என்ன கம்பி போகுதுன்னு முந்தின நாளே நடந்து பாருங்க. தஞ்சாவூர் பக்கம் களிமேடு, 2022 ஏப்ரல் 27 விடியக்காலை, அப்பர் சதய விழாத் தேர் மேல போற உயர் அழுத்தக் கம்பில பட்டு 11 பேர், அதுல சின்னப் பசங்களும் உண்டு. உங்க பசங்க சப்பரம் சின்னதுதான், ஆனா அண்ணன்மாருங்க சேர்ந்து இந்த வருஷம் பெருசா கட்டுவோம்னு மூங்கிலை நிமித்துவாங்க, அங்கதான் வினை வரும். ஆள் உயரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லிடுங்க, வண்ணத்தாள் போதும், லைட்டு வேண்டாம்.

வேப்பமரத்தடி:

நான் உங்க ஊர் இல்லங்க, வேற ஊர்ல ஒரு பார்க்குக்கு நேர் எதுத்த வீடு. உங்க எதுத்த வரிசைக்காரர் ஏன் மனு குடுத்திருப்பாருன்னு எனக்குத் தெரியும், அதனால எழுதுறேன்.

எங்க அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு, வாய் பேச்சு கிடையாது. பார்க்ல பெரிய பாக்ஸ் வச்ச அன்னிக்கெல்லாம் இடது கையால கட்டில் விளிம்பைப் புடிச்சுக்கிட்டே கிடப்பாரு, கண்ணுலேர்ந்து தண்ணி வரும், நான் பஞ்சை வச்சு காதை அடைப்பேன், ஆனா அந்த அதிர்வு கட்டில் வழியா வருது, பஞ்சு என்ன செய்யும். ஒரு நாள் விழான்னா பொறுத்துக்கலாம். எங்க பார்க்ல ஒரு தெருவுக்குக் குடுத்தாங்க, அவங்களுக்குக் குடுத்தீங்கள்லன்னு அடுத்த தெரு கேட்டுச்சு, அப்புறம் ஒரு கட்சி, அப்புறம் ஒரு துணிக்கடை விளம்பரம், போன வருஷம் மட்டும் நான் எண்ணுனது பதினாலு. எல்லாம் வாய்வார்த்தை அனுமதி. போய்க் கேட்டா நாங்க யாருக்கும் குடுக்கலையேங்கிறாங்க, புகார் பண்ணக் கூட ஒரு தாள் இல்ல எங்ககிட்ட.

அதனால நீங்க எழுத்துல வாங்குறது நல்லது டீச்சர். அந்த ஆர்டர்ல எத்தனை மணிக்கு முடியும்னு போட்டு ஒரு காப்பியை பார்க் கேட்டுல ஒட்டச் சொல்லுங்க. எட்டரைக்கு முடியும்னு தெரிஞ்சா எதுத்த வீட்ல இருக்குறவன் அது வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பான். எப்ப முடியும்னே தெரியாம கிடக்குறதுதான் தாங்கல.

குடமுருட்டி:

எல்லாருக்கும் நன்றி, மூணு பேருக்குத் தனித்தனியா பதில் சொல்லணும்.

அரசலாறு ஐயா, நீங்க சொன்ன அந்த ஒரு வரியைச் சேத்து மனு எழுதி இன்னிக்கு மூணு எடத்துலயும் குடுத்துட்டேன். தபால் பிரிவுல சீல் குத்தித் தரத் தயங்குனாங்க, நான் நகரல, குடுத்தாங்க. ஸ்டேஷன்ல அந்த சீலைப் பாத்ததுமே எஸ்ஐ வாங்கி வச்சுக்கிட்டாரு, இத்தனை நாளா இதுக்குத்தான் அலைஞ்சேனான்னு இருந்துச்சு.

வேப்பமரத்தடி சார், உங்க பதிவைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. போன வருஷம் எங்க பசங்க பெரிய பாக்ஸ் நாலு எடுத்தாந்தது உண்மை, நானும் வேண்டாம்னு சொல்லல, பசங்க சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். சாயந்திரம் நானும் எங்க சித்தியும் அந்த எதுத்த வீட்டுக்குப் போனோம். அவங்க வீட்ல மருமகளுக்கு எட்டாம் மாசம், போன வருஷமும் அவங்க வீட்ல ஒருத்தர் கண் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தாராம், நாங்க யாரும் ஒரு வார்த்தை கேக்கலையேன்னு அந்தம்மா சொன்னாங்க. எனக்குப் பதில் சொல்ல முடியல. இந்த வருஷம் பாக்ஸ் இல்ல, நாயனம் தவில் ஒரு செட்டு மட்டும், பூஜைக்கும் சப்பரத்துக்கும், எட்டரைக்கு முடிச்சுடுவோம்னு சொல்லிட்டு வந்தேன். அறிவிப்பு சொல்ல மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கர். மனுலயும் அதையே திருத்தி எழுதிக் குடுத்துட்டேன்.

வெட்டாறு அண்ணே, பார்க் வாட்ச்மேன் ரூம்ல இருக்குற பிளக்லேர்ந்து எடுத்துக்கலாம்னு பசங்க சொல்றாங்க, அது சரியா?

வெட்டாறு:

வேண்டாம் டீச்சர். அது நகராட்சி பேர்ல இருக்குற லைன், உங்க விழாவுக்கு எடுக்க அனுமதி கிடையாது, பார்க் ரூம் ஒயரிங்ல எர்த் இருக்கான்னும் யாருக்கும் தெரியாது. ஒரு ஸ்பீக்கரும் ஆறு எல்ஈடி லைட்டும்னா எங்கிட்ட இருக்குற சின்ன ஜெனரேட்டரே போதும், பக்கம்தான்னா நானே கொண்டாந்து வைக்கிறேன், டீசல் மட்டும் நீங்க போட்டுக்குங்க. ஜெனரேட்டரையும் ஆத்துப் பக்கம்தான் வைக்கணும், அதுக்கும் சத்தம் உண்டு.

வெண்ணாறு:

அக்கா, வாடகை தீர்மானம் பத்தி ஐயா சொன்னதை நான் எங்க ஊருக்காகத் தகவல் அறியும் உரிமைல கேட்டிருக்கேன், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன், 30 நாள்ல பதில் தரணும். அதோட நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு ஏரியா சபை நடக்கும், கிராமத்துல கிராம சபை மாதிரி நகரத்துல வார்டுக்குள்ள நடக்குறது, 2022-லேர்ந்து வந்துச்சு. எந்தப் பார்க்ல வருஷத்துக்கு எத்தனை விழா, எத்தனை மணி வரைக்கும், இலவச விழாவுக்கு என்ன வாடகைன்னு அங்க தீர்மானம் கேக்கலாம். வேப்பமரத்தடி சார் சொன்ன பதினாலு விழாவுக்கும் அதுதான் எடம். உங்க வார்டுல யாராச்சும் எழுந்து பேசுங்க, நான் எங்க வார்டுல பேசுறேன்.

குடமுருட்டி:

ஆர்டர் வந்துடுச்சு! விழாவுக்கு அஞ்சு நாள் இருக்கு. வாடகைக்குத் தீர்மான எண் கேட்டேன், அடுத்த நாளே எடுத்துக் காட்டுனாங்க, கட்டிட்டு ரசீது வாங்கிட்டேன், டெபாசிட்டும் கட்டியாச்சு. நிபந்தனை ஒண்ணரைப் பக்கம் இருக்கு. எட்டரைக்கு முடிக்கணும், உள்ள அடுப்பு மூட்டக் கூடாது, புல்லுல குழி தோண்டக் கூடாது, ஒருதடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக் எதுவும் கூடாது, ரெண்டு கேட்டும் திறந்திருக்கணும், மறுநாள் காலைல 9 மணிக்குள்ள குப்பை இருக்கக் கூடாது. அடுப்பு நாங்க மூட்டுறதே இல்ல. குழி தோண்டக் கூடாதுன்னதும் பந்தலை விட்டுட்டோம், மழை வந்தா பக்கத்து சத்திரத்துக்குப் போயிக்கலாம்னு பேசி வச்சாச்சு. பிளாஸ்டிக் டம்ளர்தான் எங்ககிட்ட இருந்த குத்தம், 2019 ஜனவரிலேர்ந்து தடைன்னு தெரிஞ்சும் வருஷா வருஷம் வாங்கிட்டுதான் இருந்தோம், இந்தத் தடவை வீட்டுக்கு நாலு எவர்சில்வர் டம்ளர், அடில பேரு வெட்டுனது, சித்தி கணக்கு எழுதிட்டு இருக்காங்க.

லஸ்கர்கிட்டயும் பேசியாச்சு, தண்ணி நல்லா வருது, இடிஞ்ச படிப் பக்கம் கயிறு கட்டி ஒரு ஆள் நிக்கச் சொன்னாரு, ஜடையைப் புடிச்சு இழுத்த அதே அண்ணன்தான் நான் நிக்கிறேன்னாரு. தீயணைப்பு நிலையத்துலேர்ந்து வந்து பாத்தவரு தண்ணில மிதக்குற டியூப் ரெண்டு குடுத்து அனுப்புறேன்னிருக்காரு.

சப்பரத்துக்கு மூங்கில் அறுத்து வச்சிருக்கோம், நாலரை அடி. நாளைக்கு சாயந்திரம் பசங்களைக் கூட்டிக்கிட்டு அந்த வழி முழுக்க அண்ணாந்து பாத்துக்கிட்டே நடக்கப் போறோம், எங்கெங்க கம்பி தாழ்வா இருக்குன்னு சாக்பீஸால ரோட்டுல வட்டம் போடச் சொல்லியிருக்கேன். ஆர்டர் காப்பியை லேமினேட் பண்ணி கேட்டுல கட்டியாச்சு, இன்னொண்ணை எதுத்த வீட்டு அந்தம்மாகிட்ட குடுத்தேன். வாங்கிப் படிச்சுட்டு, நாயனம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், மருமகளை வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வைக்கலாம்ல, வளைகாப்புக்கு வச்சிருந்த மஞ்சக்கயிறு இருக்கு அதையும் பூஜைல வச்சுத் தருவீங்களான்னு கேட்டாங்க.